கோப்பியிலிருந்து தேயிலைக்கு: ஒரு வழங்கற் சங்கிலியின் சமூக வரலாறு

முகாமைத்துவம் இன்று நமது பல்கலைக்கழகங்களிற் பெருந்தொகையான மாணவர் பயிலும் துறையாகிவிட்டது. அதன் பாடநூல்களைப் புரட்டுவோர் செயற்பாட்டு முகாமைத்துவம், வழங்கற் சங்கிலி முகாமைத்துவம் என்னும் இரு தலைப்புகளைத் தவறாது காண்பர். மூலப்பொருளையும் உழைப்பையும் பொறியையும் நேரத்தையும் ஒழுங்குபடுத்தி ஒரு பண்டத்தை உருவாக்கும் முறைகளை முன்னையது ஆராயும். அப்பண்டம் நிலத்திலிருந்து புறப்பட்டு, பல கைகள் மாறி, நுகர்வோனை அடையும்வரையுள்ள கண்ணிகள் அனைத்தையும் ஒன்றாக இணைத்து நோக்குவது பின்னையது. இவற்றின் வரலாற்றைக் கூறப் புகும் நூல்கள் பெரும்பாலும் ஒரே தடத்திற் செல்கின்றன. 1911இல் வெளிவந்த பிரடெரிக் டெயிலரின் விஞ்ஞானபூர்வ முகாமைத்துவ நூல், 1913இல் ஹென்றி போர்ட்டின் ஹைலன்ட் பார்க் ஆலையில் ஓடத்தொடங்கிய ஒருங்குசேர்ப்பு வரிசை, இரண்டாம் உலக யுத்தத்தின் பின் யப்பானிய டொயோட்டா நிறுவனம் வகுத்த முறை, ஈற்றில் 1982இல் கீத் ஒலிவர் என்னும் ஆலோசகர் வழக்குக்குக் கொணர்ந்த 'வழங்கற் சங்கிலி முகாமைத்துவம்' என்னும் தொடர். அமெரிக்க ஆலையிற் பிறந்து, யப்பானில் வளர்ந்து, பின்னர் உலகெங்கும் பரவிய ஓர் அறிவாகவே இத்துறை நமது மாணவர்க்கு அறிமுகமாகின்றது.

இவ்வரலாறு அரைகுறையானது என்பது நமது கருத்து. ஆலைக்கு முன்னரே பெருந்தோட்டம் இருந்தது. மேற்கிந்தியத் தீவுகளிலும் அமெரிக்கத் தென்மாநிலங்களிலும் அடிமை உழைப்பை ஆண்டோர், ஒவ்வோர் ஆளும் ஒவ்வொரு நாளும் பறித்த பருத்தியின் நிறையைப் பேரேட்டிற் பதிந்து ஒப்பிட்டுப் பார்த்தனர் என்பதை கெய்ற்லின் றோசந்தால் 2018இல் வெளியிட்ட ஆய்வு விரிவாக எடுத்துக்காட்டியுள்ளது. டெயிலர் நிறுத்தக் கடிகாரத்துடன் உருக்காலைக்குட் புகுவதற்கு முன்னரே தராசுடன் மேற்பார்வையாளன் வயலில் நின்றிருக்கிறான். நமது நாட்டிலும் அவன் நின்றான். தூரத்து உதாரணங்களைத் தேடி நாம் அலையவேண்டியதில்லை. கண்டிச் சீமையின் மலைச்சரிவுகளே போதும்.

கோப்பிக் காலத்தில் வந்த தமிழகத் தொழிலாளர் பெரும்பாலும் ஊர் திரும்பினர். தேயிலைக் காலத்தில் வந்தவரோ இங்கேயே நிலைத்தனர். இவ்வேறுபாட்டுக்குக் காரணம் யாது? கோப்பி பருவப் பயிர், தேயிலை ஆண்டு முழுவதும் கொழுந்து தரும் பயிர் என்பது வழமையான விடை. விடை பிழையன்று, ஆயின் அது தாவரவியலோடு நின்றுவிடுகின்றது. பயிரின் இயல்பு மூலதனத்தின் கணக்குக்குள் எவ்வாறு புகுந்து, மனிதரின் குடியிருப்பையும் குடும்பத்தையும் ஈற்றிற் குடியுரிமையையும் தீர்மானிக்கும் சக்தியாக மாறிற்று என்பதே ஆராயவேண்டிய விடயம்.

ஈண்டு மார்க்சின் இரு கருத்துகளை மனங்கொள்ளல் வேண்டும். பொருளை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டுசெல்லுதல் வெறும் பரிமாற்றச் செலவன்று, அதுவும் உற்பத்தியின் தொடர்ச்சியே என மூலதனத்தின் இரண்டாம் பாகத்தில் அவர் விளக்குகிறார். பலர் கூடி உழைக்குமிடத்தில் மேற்பார்வை இருவகைப்படும் என்பது மூன்றாம் பாகத்தில் வருவது: கூட்டுழைப்பை இசைவிக்கும் பணி ஒன்று, உழைப்போனுக்கும் உடைமையாளனுக்குமிடையிலான முரண்பாட்டிலிருந்து எழும் அடக்குமுறைப் பணி மற்றொன்று. முகாமைத்துவப் பாடநூல்கள் முதலாவதைப் பேசி இரண்டாவதை மறைக்கின்றன. நம்முட் சிலர் இரண்டாவதை மட்டும் பேசி முதலாவதை மறந்துவிடுவதும் உண்டு. அதுவும் குறைபாடே.

2

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இருபதுகளிற் காலூன்றிய கோப்பிச் செய்கை, நாற்பதுகளுக்குள் மத்திய மலைநாட்டின் பெரும் காடுகளை விழுங்கிவிட்டது. அதன் வழங்கற் சங்கிலி நீண்டது, ஆயினும் நெகிழ்வானது. பழுத்த கோப்பிப் பழம் தோட்டத்திலே தோலுரிக்கப்பட்டுக் கழுவி ஓரளவு உலர்த்தப்பட்டது. மேலோட்டுடன் கூடிய அவ்வித்து மாட்டுவண்டியிற் கொழும்புக்கு இறங்கிற்று. அங்கிருந்த பண்டகசாலைகளின் முற்றங்களில் மறுபடியும் உலர்த்தி, ஓடு நீக்கி, தரம்பிரித்துக் கப்பலேற்றினர். மழை பெய்து பாதை சேறானால் வண்டி நின்றது. வண்டி நின்றாற் கோப்பி காத்திருந்தது. காத்திருப்பதாற் பணம் முடங்கியதேயன்றிப் பண்டம் உடனடியாக அழிந்துவிடவில்லை.

இறங்கிய வண்டி எதனை ஏற்றிக்கொண்டு திரும்பிற்று என்பதையும் கேட்டல் வேண்டும். அரிசி. தோட்டத் தொழிலாளர் உண்ட அரிசி மலைநாட்டில் விளைந்ததன்று. கடல் கடந்து வந்தது. கோப்பி இறங்கும் பாதையே அரிசி ஏறும் பாதையுமாயிற்று. இவ்வரிசியைத் தோட்டமே தொழிலாளர்க்கு அளந்து கொடுத்துக் கூலியிற் கழித்துக்கொண்டது. கூலியோ மாதக்கணக்கிற் பின்தங்கியே வழங்கப்பட்டது. ஆகவே தோட்டத்தின் நடப்பு மூலதனத்தில் ஒரு பங்கை, பெறாத கூலியின் வடிவிற் பட்டினிக் கூலியாளே முன்கடனாக வழங்கினான் என்று கூறுவது மிகையாகாது. பெருந்தோட்டத்துக்குக் கடன் கொடுத்தோர் இலண்டன் வங்கியாளர் மட்டுமே என எழுதுவோர் இக்கடனையும் கணக்கிற் சேர்த்துக்கொள்ளல் நன்று.

துரைமார் தம் சங்கத்தை 1854இல் நிறுவினர். அவர்களது இடையறாத கோரிக்கைகளுள் ஒன்று புகையிரதப் பாதை. 1865இல் அம்பேபுசை வரையும், 1867இற் கண்டி வரையும், 1874இல் நாவலப்பிட்டி வரையும் பாதை நீண்டது. கோப்பிக்காகவே போடப்பட்ட இருப்புப்பாதை மலையின் உட்பகுதியை எட்டியபோது கோப்பி மரணப்படுக்கையிற் கிடந்தது என்பது வரலாற்றின் நகைமுரண். 1869இல் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய் பத்துப் பதினைந்து ஆண்டுகளுள் தோட்டங்களைச் சாய்த்துவிட்டது.

அதே 1869ஆம் ஆண்டிலேயே ஆபிரகாம் யோசேப்பு இயற்றிய 'கோப்பிக்கிருஷிக் கும்மி' அச்சேறியது. மலையக இலக்கியத்தின் தோற்றத்தைப் பேசுவோர் இந்நூலை முதல் நூல்களுள் ஒன்றாகக் குறிப்பிட்டுவிட்டு அப்பாற் செல்வர். நமது நோக்கில் இது வேறொரு வகையில் முக்கியமானது. கோப்பிச் செய்கையின் முறைகளைத் தொழிலாளர்க்கு அவர்கள் அறிந்த கும்மி மெட்டிலே எடுத்துரைக்கும் நூல் அது. செயற்பாட்டுக் கைந்நூல் ஒன்று தமிழ்ச் செய்யுள் வடிவில் எழுந்துள்ளது என்றே சொல்லவேண்டும். கூட்டுப் பாடல் வடிவம் உற்பத்தி ஒழுங்கைப் புகட்டும் கருவியாகக் கையாளப்பட்டமை, நாட்டார் வடிவங்கள் யாவும் இயல்பாகவே மக்கள் சார்பானவை என நம்புவோர் சற்று நின்று சிந்திக்கவேண்டிய செய்தி. வடிவம் எவர் கையிலிருக்கிறது என்பதே கேள்வி.

3

ஹெவாஹெட்டப் பகுதியின் லூல்கந்துரத் தோட்டத்தில் ஸ்கொத்லாந்தினரான ஜேம்ஸ் டெயிலர் 1867இற் பத்தொன்பது ஏக்கரிலே தேயிலை பயிரிட்டார். (விஞ்ஞான முகாமைத்துவ டெயிலருக்கும் இவருக்கும் பெயரொற்றுமை தவிர உறவெதுவுமில்லை. மாணவர் சிலர் மயங்குவதுண்டு.) 1873இல் இலண்டனுக்குச் சென்ற இலங்கைத் தேயிலை 23 இறாத்தல். 1890ஆம் ஆண்டின் ஏற்றுமதியோ நான்கு கோடி இறாத்தலுக்கும் மேல். 1890களின் நடுப்பகுதியிற் பயிர்நிலம் ஏறத்தாழ மூன்று இலட்சம் ஏக்கர். ஒரு தலைமுறைக்குள் நிகழ்ந்த இம்மாற்றத்தைத் துரைமாரின் விடாமுயற்சியாற் சாதிக்கப்பட்ட அற்புதமாக எழுதும் மரபு ஒன்றுண்டு. கோப்பிக்காக வெட்டிய காடு, கோப்பிக்காகப் போட்ட பாதை, கோப்பிக்காகக் கொணர்ந்த மனிதர் ஆகியன முன்னரே கைவசம் இருந்தமையை அம்மரபு போதியளவு வற்புறுத்துவதில்லை.

தேயிலையின் தொழினுட்பத்தை இங்குச் சற்று நின்று நோக்குதல் அவசியமாகின்றது. ஏனெனில் நமது வாதத்தின் அச்சு இதுவே. பறித்த கொழுந்து காத்திராது. கூடையில் அமுங்கிச் சூடேறினாற் கெட்டுவிடும். ஆகவே பறித்த அன்றே நிறுத்து, ஸ்டோருக்குக் கொண்டுசென்று, தட்டிற் பரப்பி வாடவைத்தல் வேண்டும். இரவெல்லாம் வாடிய இலை மறுநாள் உருட்டப்படுகின்றது. சில மணிநேரம் பதம்வர வைக்கப்படுகின்றது. அப்பதம் ஒரு கணம் மிஞ்சாமல் வெப்பக் காற்றில் உலர்த்தப்படுகின்றது. பின்னர் சல்லடையிலே தரம்பிரிக்கப்படுகின்றது. ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து ஒரு கிலோ தேயிலையாகும். நீரே பெரும்பகுதியான பச்சைக் கொழுந்தை நெடுந்தூரம் சுமப்பது வீண். அழியும் பண்டமும் நிறை குறையும் பண்டமும் தாம் விளையுமிடத்துக்கு அருகிலேயே ஆலையை இழுத்துக்கொள்ளும் என்பது தொழிலமைவிடம் பற்றிய ஆரம்ப பாடம். அவ்வாறே ஆலை மலைக்கு வந்தது. பெல்பாஸ்ற் நகரில் சாமுவேல் டேவிட்சன் ஆக்கிய சிறொக்கோ உலர்த்திகளும் உருட்டும் பொறிகளும் வண்டியேறி மலையேறின. கோப்பித் துரைக்குத் தோலுரிக்கும் ஒரு சிறு கொட்டகை போதியதாயிருந்தது; தேயிலைக் கம்பனிக்கு நீராவியோ நீர்ச்சக்தியோ கொண்டியங்கும் ஆலை தேவைப்பட்டது.

ஆலையில் முடங்கிய நிலையான மூலதனம் ஓய்ந்திருப்பதை விரும்பாது. செடியோ ஏழெட்டு நாளுக்கொருமுறை தளிர்க்கும். சுற்றுத் தவறினாற் கொழுந்து முற்றி இலையாகிவிடும், தரம் கெடும், அடுத்த சுற்றும் பாழாகும். இவ்விரு கட்டாயங்களுக்குமிடையே அகப்பட்டவள் கொழுந்து பறிக்கும் பெண். அதிகாலைத் தப்பொலியும் பெரட்டும், மலைபிரித்தலும், கொழுந்து மடுவத்து நிறுவையும் செடியின் காலத்தையும் பொறியின் காலத்தையும் மனித உடலின் காலத்தோடு பிணைத்த கருவிகள். குறித்த நிறை எட்டாதவளுக்கு 'அரைப்பேர்'. பேர் என்பது ஆளின் பெயர். தோட்டத்து வழக்கில் அது ஒரு நாட்கூலி. ஒருத்தியின் பெயரைப் பாதியாக வெட்டிச் செக்ரோலிற் பதியும் கணக்கு முறையை, அதனை நாள்தோறும் அனுபவித்தோரின் மொழி இவ்வளவு துல்லியமாகப் பிடித்துவைத்திருப்பது மொழியாராய்ச்சியாளர் கவனத்துக்குரியது. டெயிலரின் 1911ஆம் ஆண்டு நூலிலுள்ள நாளளவுப் பணியும் வேறுபட்ட கூலிவீதமும் பற்றிய கோட்பாட்டை இம்மலைகளின் மூதாட்டியர் எவருக்கும் விளக்கவேண்டியிருந்திராது.

ஆண்டு முழுவதும் அருகிலேயே நிற்கும் உழைப்பு, விரல் நுனியாற் கிள்ளும் பெண் உழைப்பு, களையெடுக்கவும் கவ்வாத்து வெட்டவும் ஆண் உழைப்பு, புழுப்பிடுங்கவும் சில்லறை வேலைக்கும் சிறுவர் உழைப்பு: இத்தனையும் ஒருங்கே தரவல்ல அலகு ஒன்றே. அது குடும்பம். லயம் குடும்பத்துக்காகக் கட்டப்பட்டது என்பதைக் காட்டிலும், ஸ்டோருக்காகக் குடும்பம் லயத்தில் வைக்கப்பட்டது என்பதே பொருந்தும். கோப்பிக்குரிய பண்டகசாலை கொழும்பிலிருந்தது. தேயிலையின் முக்கியமான கையிருப்போ பத்தடிக்குப் பத்தடி அறைகளில் மனிதராய் வாழ்ந்தது.

4

பண்டச் சங்கிலி மலையிலிருந்து கடலுக்கு இறங்கிற்று. மனிதச் சங்கிலி கடலிலிருந்து மலைக்கு ஏறிற்று. இரண்டினதும் அமைப்பு ஒத்திருந்தமை வியப்பூட்டுவது.

கங்காணி என்னும் சொல் கண்காணி என்பதன் திரிபு. சோழர்காலக் கல்வெட்டுகளிற் கோயிற் காரியங்களை மேற்பார்த்தோனைக் குறித்த சொல் அது. பெருந்தோட்டத்திலே அவன் ஆட்சேர்ப்போன், கடன் கொடுப்போன், வேலைவாங்குவோன் என மூவுருவம் கொண்டான். இலண்டனிலிருந்தோ கொழும்பு முகவர் நிறுவனத்திடமிருந்தோ தோட்டம் பெற்ற பணத்தில் ஒரு பகுதி முற்பணமாகப் பெரிய கங்காணியிடம் சென்றது. அவனிடமிருந்து சில்லறைக் கங்காணிக்கு. அவனிடமிருந்து இராமநாதபுரத்திலோ திருச்சியிலோ சேலத்திலோ வறட்சியால் வாடிய குடியானவனுக்கு. முற்பணம் கீழே இறங்க இறங்க அதன்மேற் கடன் ஏறிற்று. வழிச்செலவு, வழியுணவு, கம்பளி என எல்லாம் அவன் தலையில் எழுதப்பட்டன. வேலைக்கு வந்த ஒவ்வோர் ஆளுக்கும் நாள்தோறும் கங்காணிக்குப் பென்ஸ் காசு கிடைத்தது. ஆகவே ஆள் நோயுற்றாலும் பெரட்டுக்கு வரவேண்டியது கங்காணியின் தனிப்பட்ட தேவையாயிற்று. மேற்பார்வைக்கென அதிக செலவின்றி ஒவ்வொரு கண்ணியையும் இலாபத்தாற் கட்டியமைத்த இந்த ஏற்பாட்டை, ஊக்குவிப்பு முறை என்று இன்றைய பாடநூல் மகிழ்ந்து வருணிக்கக்கூடும்.

இவ்வமைப்பின் உச்சம் துண்டு. ஒரு கூட்டத்தின் கடன் மொத்தத்தை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தனர். அத்தொகையைச் செலுத்தும் வேறு தோட்டம் அக்கூட்டத்தை ஏற்றுக்கொள்ளலாம். கடன் கைமாறியபோது மனிதரும் கைமாறினர். அடிமை முறையன்று இது, சட்டப்படி ஒவ்வொருவரும் சுதந்திரர் என்று அக்கால அதிகாரிகள் வாதித்தனர். சட்டப்படி அது சரியே. ஆளை விற்கவில்லை, ஆளின் கடனைத்தான் விற்றனர். துண்டு முறை 1921ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

வழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. மன்னாரில் இறங்கி மாத்தளை வரை நூறு மைலுக்கு மேல் காடும் வறண்ட நிலமும் கடந்து நடந்தவருள் வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் பலியானோர் ஏராளம். அவ்வடபாதை 1899இல் மூடப்பட்டது. தோட்டங்களை அந்நோய் எட்டாதிருக்கவேண்டும் என்னும் அச்சமே மூடியதற்கு முதன்மையான காரணம். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்குமிடையே 1914இல் நீராவிக்கப்பற் சேவையும் இருபுறமும் புகையிரதமும் இணைந்தபின், மண்டபம் முகாமிற் சோதித்து அனுப்பப்பட்ட ஆள் சில நாட்களிலேயே பெரட்டுக்களத்தில் நின்றான். காலத்தாற் களத்தைச் சுருக்குதல் என மார்க்ஸ் கூறியது தேயிலைப் பெட்டிக்கு மட்டுமன்றி அதை நிரப்பியவனுக்கும் பொருந்திற்று.

5

1883 யூலை 30ஆந் தேதி கொழும்பில் முதலாவது தேயிலை ஏலம் நடைபெற்றது. 1885அளவிற் கொழும்புத் துறைமுகத்தின் தென்மேல் அலைதடுப்பு நிறைவெய்தியது. அதே ஆண்டில் நானுஓயாவுக்குப் புகையிரதம் வந்தது. சுயஸ் கால்வாய் 1869இலேயே திறந்திருந்தது. இவை ஒன்றோடொன்று பொருந்தியபோதுதான் சங்கிலி முழுமையுற்றது. ஈயத்தாள் பொதிந்த மரப்பெட்டி மலையுச்சியில் ஆணியடிக்கப்பட்டு இலண்டன் மின்சிங் லேனில் உடைக்கப்பட்டது. ஆயின் கலப்பதும் பொதிசெய்வதும் பெயர் சூட்டுவதும் அங்கேயே. 1890இல் இங்குவந்து தம்பேதன்னை முதலிய தோட்டங்களை வாங்கிய தோமஸ் லிப்டன், தோட்டத்திலிருந்து நேரே தேநீர்க்குவளைக்கு என்னும் பொருள்பட விளம்பரம் செய்தார். அவர் விற்ற தேயிலையிற் பெரும்பகுதி அவருடைய தோட்டங்களில் விளைந்ததன்று, ஏலத்தில் வாங்கியது. சங்கிலியின் எல்லாக் கண்ணிகளையும் உடைமையாக்கத் தேவையில்லை. நுகர்வோனுக்கு அண்மையிலுள்ள கண்ணியைப் பிடித்தாற் போதும் என்பதை அந்தக் கிளாஸ்கோ மளிகை வியாபாரி எவருக்கும் முன்பே உணர்ந்திருந்தார்.

நுகர்வுச் சந்தையில் எழும் சிற்றலை, கண்ணி கண்ணியாகப் பின்னோக்கிச் செல்லுந்தோறும் பெரிதாகும் என்பதை ஜே பொறெஸ்ரர் 1961இல் எழுதிய நூல் கணிதவழி விளக்கிற்று. அது கையிருப்பையும் கட்டளைகளையும் பற்றிய விளக்கம். பெருந்தோட்டத்தில் அலை ஈற்றில் மோதுமிடம் கையிருப்பன்று, மனிதர். 1929இன் பின் விலை சரிந்தபோது நடந்ததை நோக்குக. கூலி வெட்டப்பட்டது; தொழிலாளர் பெருந்தொகையிற் கப்பலேற்றித் திருப்பியனுப்பப்பட்டனர்; 1933இல் இந்தியா, இலங்கை, டச்சுக் கிழக்கிந்தியா ஆகியவற்றின் உற்பத்தியாளர் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம் செய்தனர். விலை மீண்டது. வெட்டிய கூலி அதே வேகத்தில் மீளவில்லை.

எனினும் அழியும் கொழுந்தின் கட்டாயம் இருபுறமும் கூருள்ள கத்தி. கோப்பிக் கூலியாள் வேலையை நிறுத்தினால் துரை சில நாள் பொறுத்திருக்கலாம். தேயிலைத் தொழிலாளர் ஒரு சுற்று நிறுத்தினால் மலை முற்றிவிடும், ஸ்டோர் ஓய்ந்துவிடும். அவர்களை லயத்திற் கட்டிவைத்த அதே இயல்பு, கூடிநின்றபோது அவர்களுக்குப் பலமுமாயிற்று. 1931இல் கோ. நடேசய்யர் அமைத்த சம்மேளனமும், 1939-40இன் வேலைநிறுத்த அலையும் இப்பின்னணியில் வைத்து விளங்கிக்கொள்ளவேண்டியவை. 1940 சனவரியில் முல்லோயாத் தோட்டத்திற் பொலிசார் சுட்டபோது கோவிந்தன் மாண்டார். முல்லோயாவும் ஹெவாஹெட்டப் பகுதியே, லூல்கந்துரவிலிருந்து தொலைவன்று.

சங்கிலி யாரை நிலைநிறுத்திற்றோ அவர்களை 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் அந்நியராக்கிற்று. 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் பேரில் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கும் மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கும் எனப் பகிர்ந்து, எஞ்சிய ஒன்றரை இலட்சத்தைப் பின்னர் பார்ப்பதென விட்டது. 1974இல் அதுவும் சரிபாதியாக்கப்பட்டது. பண்டகசாலைக் கணக்கை முடிப்போர் கையாளும் எண்கணிதம் இதனின் வேறன்று. நாடற்றோராய் எஞ்சியோர்க்கு உரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறியது. இடையில் 1972, 1975ஆம் ஆண்டுகளிற் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992இல் முகாமை மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. அரசுடைமை வந்தபோது நம்மிற் பலர் அதனைச் சமதர்மத்தின் முதற்படியெனப் பாராட்டி எழுதினர். உடைமை மாறியது, பெரட்டும் நிறுவையும் அரைப்பேரும் மாறவில்லை. உற்பத்தி ஒழுங்கமைப்பைத் தனியே ஆராயாது உடைமையை மட்டும் நோக்கியதன் விளைவு அது. அத்தவறில் நம் இயக்கத்துக்கும் பங்குண்டு.

இலண்டன் ஏலம் 1998 யூனில் முடிவுற்றது. கொழும்பு ஏலம் 2020 ஏப்ரலில், கொள்ளைநோயின் முடக்கத்தின்போது, சில வாரங்களுக்குள் கணினித் திரைக்கு மாற்றப்பட்டது. நூற்று முப்பத்தாறு ஆண்டுகால நடைமுறையை அவ்வளவு விரைவில் மாற்ற இயன்றிருக்கிறது. 2021இல் சம்பள நிர்ணய சபை நாட்கூலியை ஆயிரம் ரூபா என நிர்ணயித்தபோது கம்பனிகள் நீதிமன்றம் சென்றன. மலைகளில் வாதம் ஒரு நாட்பேருக்கு எத்தனை கிலோ என்பதைப் பற்றித் தொடர்ந்தது. கூடைக்கும் ஈரத்துக்கும் எவ்வளவு கழிப்பது என்பது கொழுந்து மடுவத்தில் இன்றும் கேட்கும் கேள்வி. தராசு சில இடங்களில் மின்தராசாகியுள்ளது. நிறையைப் படிப்பவர் இன்னும் மறுபக்கத்திலேயே நிற்கிறார்.